உவமை நோட்டு

சனிக்கிழமை மத்தியானம் ஆனால்
என் கண் திருட்டுக் கண்.
மோல்மீன் கடைத்தெருச் சேற்றில் யார் வழுக்கி விழுந்தாலும்
கை கொடுக்குமுன் ஒரு கணம் யோசிப்பேன்:
இது எந்த வசனத்துக்கு ஆகும்?

ஆறு நாள் ரப்பர் கிடங்கில் எடை எழுதுகிறவன் நான்.
ஏழாம் நாள் முப்பத்தொரு பேருக்குப் பிரசங்கி.
நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன்:
தேதி, வசனம், சொன்ன கதை.
அப்படியும் ஒரு கதை திரும்பி வந்துவிட்டால்
முதல் பெஞ்சில் டீக்கன் பாக்கியசாமி
இரண்டு விரல் காட்டுவார்,
இரண்டாம் தடவை என்று.

ரங்கூனிலிருந்து வந்த திருஷ்டாந்தப் புத்தகம் ஒன்று உண்டு,
அட்டை கிழிந்தது.
அதில் எல்லாப் பக்கத்திலும் பனி பெய்யும்.
பனியில் வழி தவறிய பையன்,
பனியில் அணையாத விளக்கு,
பனியில் தாய்.
எங்கள் சபை பனியை விசுவாசத்தினால் மட்டுமே கண்டது.
ஐந்து மாச மழை தகரக் கூரையை அடிக்க
நான் தோளைக் குறுக்கி, பல்லைக் கிட்டி
நடந்து காட்டுவேன்.
ஆமென் என்பார்கள்.
நனைந்த குடைகள் வாசலில் சொட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வாரம் காணாமற்போன வெள்ளிக்காசு.
புத்தகத்தில் காசுக்குக் கதை இல்லை.

கரண்டு போன சாயங்காலம்,
மெழுகுவத்திக்குப் போனவனை
ஞானப்பூவின் பட்டாணி ஆவி நிறுத்தியது.
சந்தையில் அவள் டோ மியா;
சபைப் பதிவேட்டில் மட்டும் ஞானப்பூ.
நாளைக்கு என்ன பிரசங்கம் என்றாள். சொன்னேன்.
அகப்பையைப் பானைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"நானும் ஒண்ணு தேடினேனே."

எழுபத்தைந்து கியாட். ஒரே நோட்டு.
குடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் சுருட்டிச்
சுவர் மூங்கிலின் பொந்தில் சொருகியது.
சுவரைப் பிரித்து மாற்றிய அன்று
அவள் சந்தையில் இருந்தாள்.
அதன்பின் ஏழு மாசம்
பாய்க்கடியில், பரணில், அரிசிப் பானையில்,
விளக்கைப் பிடித்துப் பிடித்துப் பெருக்கினாள்.
பழைய மூங்கிலை அறுத்துப்
புருஷன் துடைப்பத்துக்குப் பிடி போட்டிருந்தான்.
தேடியது எல்லாம் அதை வைத்துத்தான்.

என் உள்ளங்கை வியர்த்தது.
கிடைத்துவிட்டது, ஆண்டவரே,
பனி இல்லாத கதை!

"எப்பக் கிடைச்சது தெரியுமா?
ரேடியோவில் அந்த நோட்டு செல்லாதுன்னு சொல்லி
ஒன்பதாம் நாள். பிடி வெடிச்சு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது."

பிறகு?

"பிறகென்ன. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன்.
ஒரு பானை பட்டாணி அவிச்சேன்.
செல்லாத காசுக்கு விருந்தான்னு கேட்டுக்கிட்டே தின்னாங்க."

ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டேன்.
பதில் வரவில்லை. பட்டாணியை இலையில் கட்டினாள்,
மேலே ஒரு கை அதிகம் வைத்து.
"சொல்லணும்னா சொல்லுங்க.
கடைசியில அர்த்தம் மட்டும் ஒட்டாதீங்க."

ஒட்டமாட்டேன் என்றேன்.

ஞாயிறு. சொன்னேன்.
மூங்கில் வெடித்த இடத்தில்
பாக்கியசாமியின் விரல்கள் மடியிலேயே கிடந்தன.
சிறுபிள்ளைகள்கூட அசையவில்லை.
பானை பட்டாணியோடு நிறுத்தினேன்.
நிறுத்தினேன் என்றால், நாலைந்து மூச்சு.
மழை சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது.
முப்பத்தொரு முகமும் என் வாயைப் பார்த்தன.
யாரோ செருமினார்கள்.

"ஆகவே பிரியமானவர்களே,"
என்றது என் வாய்.
மூன்று அர்த்தம் ஒட்டினேன்.
மூன்றாவது பரலோக நாணயத்தைப் பற்றி;
அதற்குத்தான் ஆமென் பலமாக விழுந்தது.
நாலாம் வரிசை ஓரத்தில் ஞானப்பூ
ஜன்னலுக்கு வெளியே யாருடைய குடையையோ
பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அதே விலைக்குப் பட்டாணி கட்டினாள்.
கோபமில்லை. மகனுக்குக் காய்ச்சல் என்றாள்.
அந்த ஒரு கை மட்டும் பானையிலேயே இருந்தது.

கிடங்கில் எடைச்சீட்டுகளுக்கு நடுவே நோட்டைப் பிரித்தேன்.
தேதி எழுதினேன். லூக்கா என்று எழுதினேன்.
மூன்றாம் கட்டத்தில் பேனா வைத்த இடத்தில்
மை ஊறி
அடுத்த பக்கத்துக்கும் இறங்கியிருக்கிறது.